ஓய்வுக்கால விசாவா, திருமண விசாவா: தாய்லாந்தில் எந்த அடிப்படையில் தங்குவது?

தாய்லாந்தில் நிலையாகத் தங்க நினைத்து என்னிடம் வழி கேட்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். ஓய்வுக்கால விசாவுக்கு வங்கியில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டும், திருமண விசாவுக்கு 4 லட்சம் போதும். மனைவி தாய்லாந்துக்காரராக இருக்கும்போது எதற்காக இரண்டு மடங்கு பணத்தை முடக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. கணக்கு சரிதான். ஆனால் பாங்காக்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவற்றில் ஒன்பது ஆண்டுகள் திருமணத்தின் அடிப்படையிலும் கடைசி மூன்று ஆண்டுகள் ஓய்வின் அடிப்படையிலும் தங்கியவன் என்ற முறையில், இந்த முடிவைத் தொகையை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது என்று சொல்வேன். இந்த நாட்டில் தங்கும் உரிமை யாரைச் சார்ந்து நிற்கிறது, அந்தச் சார்பு ஒருநாள் அறுந்துபோனால் நம் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேச்சு வழக்கில் இரண்டையும் விசா என்று சொன்னாலும், உண்மையில் இவை விசாக்கள் அல்ல. இரண்டு வழிகளுக்கும் நுழைவாயில் ஒன்றே: 'நான்-இமிகிரன்ட் ஓ' (Non-Immigrant O) என்ற வகை விசா. அதை இந்தியாவிலிருந்தே இணையவழியில் பெறலாம். தாய்லாந்துக்குள் வந்தபின், தங்கும் காலம் போதிய அளவு மீதமிருக்கும்போது, 2,000 பாட் கட்டணத்தில் மாற்றிக்கொள்ளவும் முடியும். அது 90 நாள் தங்க இடம் தரும். அந்த 90 நாள் முடிவதற்குள் குடிவரவு அலுவலகத்தில் டி.எம். 7 என்ற படிவத்தைக் கொடுத்து 1,900 பாட் கட்டினால் ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கும். பிறகு ஆண்டுதோறும் அதையே புதுப்பித்துக்கொண்டு போகலாம். அந்த நீட்டிப்பை எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்கிறோம், ஐம்பது வயது நிறைந்து ஓய்வில் இருப்பவர் என்றா, தாய்லாந்துக் குடிமகளின் கணவர் என்றா என்பதில்தான் இரு வழிகளும் பிரிகின்றன. இதை முதலில் விளங்கிக்கொண்டால் ஒரு பெரிய நன்மை உண்டு. அடிப்படை விசா ஒன்றே என்பதால், பின்னாளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. புதுப்பிக்கும் காலத்தில் காரணத்தை மாற்றிக் கேட்டால் போதும்.

பண விதிகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஓய்வுக்கால நீட்டிப்புக்கு மூன்று வழிகள் உள்ளன: தாய்லாந்து வங்கியில் தன் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் 8 லட்சம் பாட் வைத்திருக்கலாம், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம், அல்லது ஓராண்டு வருமானத்தையும் வைப்புத்தொகையையும் கூட்டி 8 லட்சம் வருமாறு காட்டலாம். 2019 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அந்த 8 லட்சம் விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்புக் கிடைத்த பின்னும் மூன்று மாதம் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அடுத்த விண்ணப்பத்துக்கான காலம் வரும்வரை 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. திருமண நீட்டிப்புக்கோ, 4 லட்சம் பாட் இரண்டு மாதம் முன்பிருந்து கணக்கில் இருந்தால் போதும், அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் இருந்தால் போதும். நீட்டிப்புக் கிடைத்தபின் இவ்வளவு மீதம் இருக்க வேண்டும் என்ற அந்த 2019ஆம் ஆண்டின் நிபந்தனை திருமண வழிக்கு இல்லை. ஆனால் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதத்திலும் பணத்தைத் தொடாமல் இருப்பதே அறிவுடைமை. இறுதி முத்திரை வாங்கப் போகும் நாளில் சில அலுவலகங்களில் கணக்குப் புத்தகத்தைத் திரும்பவும் கேட்பது உண்டு.

இதை ஓராண்டுக்கு விரித்துக் கணக்குப் போட்டால் வேறொரு படம் கிடைக்கிறது. ஓய்வு வழியில் ஐந்து மாதங்களுக்கு 8 லட்சமும் மீதி ஏழு மாதங்களுக்கு 4 லட்சமும் அசையாமல் கிடக்கின்றன. திருமண வழியில் மூன்று மாதங்களுக்கு 4 லட்சம் கிடக்கிறது. மீதி ஒன்பது மாதங்கள் அந்தப் பணம் முழுவதும் நம் விருப்பத்துக்கு உரியது. ஆக வேறுபாடு இரண்டு மடங்கு என்பது சரியான கணக்கே அல்ல. தொகையையும் காலத்தையும் சேர்த்துப் பெருக்கினால் ஐந்து மடங்குக்கும் மேல் போகிறது. ஓய்வு வழியில் 4 லட்சம் பாட் ஒருபோதும் தொட முடியாத பணம். நடுவில் திடீரென்று ஓர் அறுவை சிகிச்சை வந்து அதில் கைவைத்தால், மருத்துவமனைக் கட்டணம் தீரும், ஆனால் அடுத்த ஆண்டு நீட்டிப்பு சிக்கலாகும். எனவே ஓய்வு வழியில் செல்பவர் அந்த 8 லட்சத்தைத் தன் சேமிப்பாகவே கருதக் கூடாது. அதற்கு வெளியே மருத்துவத்துக்கென்று தனியாகப் பணமோ காப்பீடோ இருக்க வேண்டும். ஒரு பாட் இன்றைக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் விற்கிறது. 8 லட்சம் பாட் என்றால் இருபது லட்சம் ரூபாய்க்கும் மேல். ஊரில் வீட்டை விற்றோ வைப்புநிதியை எடுத்தோ கொண்டுவரும் ஒருவருக்கு அது சிறிய தொகை அல்ல.

வருமானத்தைக் காட்டும் வழி எளிதாகத் தோன்றும், ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. முன்பெல்லாம் தூதரகம் தரும் வருமானக் கடிதத்தை வைத்தே பலர் காரியத்தை முடித்தார்கள். 2019 தொடக்கத்தோடு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் அந்தக் கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. அதன்பின், மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கிக் கணக்கிலேயே காட்டுவது நடைமுறையாயிற்று. பன்னிரண்டு மாதங்களில் ஒரு மாதம் 65,000 என்பது 64,800 ஆகக் குறைந்தாலும் கேள்வி எழும். ரூபாய் மதிப்பு இறங்கும் மாதத்தில் இது எளிதில் நடக்கும். அதோடு, செயலிகள் வழியாக அனுப்பும் பணம் சிலவேளைகளில் உள்நாட்டுப் பரிமாற்றம்போலக் கணக்கில் பதிவாகிவிடுகிறது. அது வெளிநாட்டுப் பணம் என்று நிறுவ வங்கியிடம் தனிக் கடிதம் வாங்கி அலைய வேண்டிவரும். இந்தியாவில் ஓய்வூதியம் பெறும் ஒருவர் மாதம் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் அளவுக்குத் தவறாமல் அனுப்புவதைவிட, ஒருமுறை மொத்தமாகக் கொண்டுவந்து வைப்பதே நிம்மதி என்பது என் அனுபவம். இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலையில் இருந்து அனுப்பினால், தாராளப் பணமனுப்பும் திட்டத்தின்படி ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும், வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆகவே இரண்டு நிதியாண்டுகளில், மார்ச்சில் பாதியும் ஏப்ரலில் பாதியுமாக அனுப்புவது பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்கான வங்கிச் சான்றை முதல்முறை விசா மாற்றும்போது கேட்பார்கள். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஓ-ஏ' என்ற பெயரில் வேறொரு ஓய்வுக்கால விசா இருக்கிறது. அது சொந்த நாட்டில் இருந்தே விண்ணப்பிக்க வேண்டியது. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, 30 லட்சம் பாட் அளவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். அந்த விசாவில் வந்தவர்கள் பின்னர் இங்கே நீட்டிக்கும்போதும் காப்பீட்டைக் காட்டியாக வேண்டும். வெறும் 'ஓ' வகையில் வந்து ஓய்வு அடிப்படையில் நீட்டிப்பவர்களுக்கும் திருமண அடிப்படையில் நீட்டிப்பவர்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எழுபதை நெருங்கும் ஒருவருக்குக் காப்பீட்டுத் தவணை எவ்வளவு ஏறும் என்பதை எண்ணிப் பார்த்தால், எந்த எழுத்தில் நுழைகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

பணத்தில் திருமண வழி எளிது என்றால், தாள்களில் ஓய்வு வழி எளிது. ஓய்வு நீட்டிப்புக்குப் போன முதல் ஆண்டு எனக்கே நம்ப முடியவில்லை. காலையில் வங்கிக் கிளை திறந்ததும் 100 பாட் எடுத்து, பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி விழும்படி பதிந்துகொண்டு, வங்கிக் கடிதத்தோடு குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். படிவம், புகைப்படம், பாஸ்போர்ட் நகல்கள், கணக்குப் புத்தக நகல்கள், முகவரிச் சான்று, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஓராண்டு முத்திரையோடு வெளியே வந்துவிட்டேன்.

திருமண நீட்டிப்பு அப்படிப்பட்டது அல்ல. முதலில், திருமணம் தாய்லாந்து அரசின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இங்கேயே மணம் செய்தால், மணமாகாதவர் என்பதற்கு இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, தாய்லாந்து மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் பெற்று, வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும். சிலோம் சாலை மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியிருந்தாலும், அந்தப் பதிவு இல்லாமல் குடிவரவு அலுவலகத்துக்கு அது திருமணம் ஆகாது. தமிழ்நாட்டில் மணம் செய்து பதிவு செய்தவர்கள், அந்தச் சான்றிதழை மொழிபெயர்த்துச் சான்றொப்பம் பெற்று, வெளிநாட்டுத் திருமணத்துக்கான கோர்-ரோர் 22 என்ற பதிவைச் செய்துகொள்ள வேண்டும். இவை ஒருமுறை செய்யும் வேலைகள். ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை வேறு: திருமணம் இன்னும் நிலைத்திருக்கிறது என்பதற்கு வட்டார அலுவலகத்தில் அண்மைத் தேதியிட்டு வாங்கிய கோர்-ரோர் 2 என்ற திருமணப் பதிவேட்டின் நகல், மனைவியின் அடையாள அட்டை, 'தபியன் பான்' என்று சொல்லப்படும் வீட்டுப் பதிவேடு, வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், வீட்டுக்குள்ளும் வெளியேயும் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படங்கள். மனைவியும் உடன் வந்து கையெழுத்திட வேண்டும். சில அலுவலகங்களில் அண்டை வீட்டுக்காரர் ஒருவரைச் சாட்சியாக அழைத்துவரச் சொல்வார்கள். சில சமயம் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

ஒன்பது ஆண்டுகளும் அந்தப் புகைப்படங்களை எடுத்தது என் மகள்தான். வாசல் கதவில் வீட்டு எண் தெரிய ஒன்று, வரவேற்பறை நாற்காலியில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ஐந்து வயதில் கையில் கைபேசியைப் பிடிக்கத் தெரியாமல் எங்கள் தலைகளை வெட்டி எடுத்தவள், பதினான்கு வயதில், போன ஆண்டு உடுத்திய சட்டையையே உடுத்தாதீர்கள், பழைய படம் என்று நினைத்துவிடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். வீட்டின் படுக்கையறைப் படத்தை ஓர் அரசு அலுவலகக் கோப்பில் ஆண்டுதோறும் வைப்பது என் மனைவிக்குக் கடைசிவரை கூச்சமாகவே இருந்தது. அவர் அதை ஒருமுறைகூடக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் நான் ஓய்வு வழிக்கு மாறியதில் என்னைவிட அதிகம் மகிழ்ந்தவர் அவர்தான்.

தமிழர்களுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை; தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டிருப்போம், அல்லது அந்தக் கட்டமே வெறுமையாக இருக்கும். திருமணப் பதிவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைத் தாய்லாந்து எழுத்தில் ஒருவிதமாக எழுதியிருப்பார். மகளின் பிறப்புச் சான்றிதழில் இன்னொருவர் வேறுவிதமாக எழுதியிருப்பார். எனக்கு ஓராண்டு, வங்கிக் கடிதத்தில் தந்தையின் பெயர் முன்னும் என் பெயர் பின்னுமாக மாறி அச்சாகி, அந்தக் கடிதம் ஏற்கப்படாமல், மறுநாள் மனைவியையும் வேலைக்கு விடுப்பு எடுக்கவைத்து இரண்டாம் முறை போக வேண்டியதாயிற்று. எனவே முதல் மொழிபெயர்ப்பு செய்யும்போதே தாய்லாந்து எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அந்தத் தாளை நகலெடுத்து, பின்னர் வரும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளர் கையிலும் அதைக் கொடுத்து, இப்படியே எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஓய்வு வழியில் ஒப்பிட வேண்டிய தாள்கள் குறைவு என்பதால் இந்தத் தொல்லையும் குறைவு.

தாள்களைக் கொடுத்ததும் திருமண வழியில் ஓராண்டு முத்திரை கிடைக்காது. கோப்பு மேலிடத்துக்குப் போகும். அதுவரை பரிசீலனையில் உள்ளது என்று ஏறத்தாழ 30 நாளுக்கு ஒரு முத்திரை இடுவார்கள். குறித்த நாளில் மறுபடி போக வேண்டும். ஊருக்கு அடிக்கடி போய்வருபவர்களுக்கு இந்த ஒரு மாதம் கடினமானது. என் தாயார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி அப்படிப்பட்ட ஒரு மாதத்தின் நடுவில்தான் வந்தது. மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் முத்திரை வாங்க வேண்டிய தேதி தலைக்குமேல் இருந்ததால், அவர் வீடு திரும்புவதற்கு முன்பே நான் விமானம் ஏற வேண்டியிருந்தது. பெற்றோர் முதுமையில் இருப்பவர்கள் இந்தப் பரிசீலனை மாதத்தையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு நான் ஏன் ஒன்பது ஆண்டுகள் திருமண வழியிலேயே இருந்தேன் என்றால், அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எனக்கு ஐம்பது வயது ஆகவில்லை; ஓய்வு வழியில் வயதுக்கு எந்த விலக்கும் கிடையாது. மற்றொன்று, எனக்கு வேலை இருந்தது. ஓய்வு நீட்டிப்பில் இருப்பவருக்கு வேலை அனுமதி கிடைக்காது. ஊதியம் வாங்காமல் நண்பரின் கடையில் உட்கார்ந்து உதவுவதுகூட ஆபத்துதான். திருமண நீட்டிப்பில் இருப்பவர் வேலை அனுமதி பெறலாம். அதுமட்டுமன்றி, அவரை வேலைக்கு வைக்கும் நிறுவனத்துக்கான பதிவு மூலதன நிபந்தனையும் வழக்கமான 20 லட்சம் பாட்டுக்குப் பதிலாக 10 லட்சமாகக் குறைகிறது. பாங்காக்கில் சிலோம் பகுதியிலும் மகேசக் சாலையிலும் இரத்தினக்கல் வணிகம் செய்யும் தமிழர்களில், தாய்லாந்துக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களுக்கு இது பெரிய வசதி. வேலையை விட்டாலும் தங்கும் உரிமை போகாது என்பது, முதலாளியின் கையை எதிர்பார்த்து வணிக விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத விடுதலை. இங்கேயே வரி கட்டும் ஊதியம் மாதம் 40,000 பாட்டுக்குக் குறையாமல் இருந்தால், வரிக் கணக்குகளைக் காட்டி 4 லட்சம் வைப்புத்தொகைகூட இல்லாமல் நீட்டிப்புப் பெறலாம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

நிரந்தர வசிப்புரிமை நோக்கமாக இருந்தாலும் திருமண வழியே பொருந்தும். ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற வரம்புக்குள் நிரந்தர வசிப்புரிமை கொடுக்கப்படுகிறது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஓராண்டு நீட்டிப்பில் இருந்திருக்க வேண்டும். வேலை, வரி, குடும்பம் எல்லாம் அதில் எடைபோடப்படும். ஓய்வு நீட்டிப்பில் எத்தனை ஆண்டுகள் கழித்தாலும் அந்தப் பக்கம் கதவு இல்லை. அதற்கும் மேலே போய்த் தாய்லாந்துக் குடிமகனாவது வேறு பேச்சு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அதை நாடுபவர் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, ஊர் போய்வர வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும்.

இனி, நான் முக்கியமானது என்று தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். திருமண நீட்டிப்பு திருமணத்தின்மேல் நிற்கிறது. மணமுறிவு பதிவான நாளோடு அந்த அடிப்படை போய்விடுகிறது. மனைவி இறந்தால், அடுத்த நீட்டிப்புக்கு அந்த அடிப்படை இல்லை. மணமுறிவைப் பற்றி யாரும் முன்கூட்டியே நினைப்பதில்லை, நினைக்கச் சொல்வதும் முறையல்ல; ஆனால் மரணம் எந்த வீட்டுக்கும் வரக்கூடியது. எனக்குத் தெரிந்த ஒருவர், அறுபத்தாறு வயது, இருபத்திரண்டு ஆண்டுத் திருமணம், மனைவியை நோயில் இழந்தார். காரியங்கள் முடிவதற்குள் அவருடைய நீட்டிப்பு முடிய ஏழு வாரங்கள்தான் இருந்தன. ஓய்வு வழிக்கு மாற 8 லட்சம் இரண்டு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அவரிடம் இருந்ததோ 4 லட்சத்துக்குச் சற்று மேல். மனைவியின் பெயரில் சேமிப்பு இருந்தும், நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும்வரை அதைத் தொட முடியவில்லை. அவர் நாட்டைவிட்டு வெளியேறி, ஊரில் தம்பி வீட்டில் தங்கிப் பணம் திரட்டி, புதிய விசாவில் மறுபடி வந்தார். வீடு நின்றிருந்த நிலம் மனைவியின் பெயரில் இருந்தது. வெளிநாட்டவர் தாய்லாந்தில் நிலம் வைத்திருக்க முடியாது, மரபுரிமையாக வந்தாலும் ஓராண்டுக்குள் விற்றுவிட வேண்டும். மனைவி உயிரோடு இருக்கும்போதே நில அலுவலகத்தில் வாழ்நாள் அனுபவ உரிமை பதிந்துவைத்திருந்தால், வீட்டில் இருக்கும் உரிமையாவது அவருக்கு மிஞ்சியிருக்கும்.

ஓய்வு நீட்டிப்பில் இப்படி ஒரு விழுகை இல்லை. அது நம் வயதின்மேலும் நம் பணத்தின்மேலும் நிற்கிறது. வயது குறையப்போவதில்லை, பணம் நம் கையில் இருக்கிறது. ஆனால் அதிலும் மறுபக்கம் உண்டு: 8 லட்சம் நம் பெயரில் மட்டும் இருப்பதால், நாம் இறந்தால் மனைவி அதை உடனே எடுக்க முடியாது. தாய்லாந்து மொழியில் ஓர் உயில் எழுதி, அதில் சொத்து நிர்வாகியாக மனைவியின் பெயரைக் குறிப்பிட்டுவைப்பது அவரை நீண்ட அலைச்சலிலிருந்து காக்கும்.

இருவரும் இந்தியர்களாக உள்ள தமிழ்த் தம்பதியருக்குத் திருமண விசா என்ற பெயர் குழப்பம் தருகிறது. அந்த வழி தாய்லாந்துக் குடிமக்களை மணந்தவர்களுக்கு மட்டுமே. ஆனால் கணவர் ஐம்பது கடந்து ஓய்வு நீட்டிப்பில் இருந்தால், மனைவி, அவருக்கு ஐம்பது ஆகாவிட்டாலும், கணவரைச் சார்ந்தவராக நீட்டிப்புப் பெறலாம். தனியாக இன்னொரு 8 லட்சம் தேவையில்லை. இங்கும் அதே சார்புதான்: கணவர் இறந்தால் மனைவியின் அடிப்படை போய்விடும். மனைவிக்கும் ஐம்பது நிறைந்து, வசதியும் இருந்தால், அவர் பெயரிலும் தனிக் கணக்கில் 8 லட்சம் வைத்து அவரையும் தனித்தே விண்ணப்பிக்கச் சொல்வேன். தாய்லாந்து ஆணை மணந்த தமிழ்ப் பெண்களுக்கு விதி இன்னும் இலகுவானது: 4 லட்சம் வைப்புத்தொகை அல்லது 40,000 வருமானம் என்ற நிபந்தனை தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களும் விதவையானால் அதே நிலைதான் என்பதை மறக்கக் கூடாது. இருபது வயது நிறையாத, தாய்லாந்துக் குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால், பெற்றோர் என்ற அடிப்படையிலும் நீட்டிப்புக் கேட்க இடம் இருக்கிறது. மகளின் வயதை எண்ணிப் பார்த்து நான் ஆறுதல் கொண்ட ஆண்டுகள் உண்டு.

மற்றக் கடமைகள் இரண்டு வழிக்கும் பொது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியை அறிவிக்க வேண்டும். குடியிருக்கும் இடத்தை வீட்டு உரிமையாளர் டி.எம். 30 என்ற படிவம் வழியாகப் பதிந்திருக்க வேண்டும். வெளிநாடு போகுமுன் மறுநுழைவு அனுமதி (ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட்) வாங்காவிட்டால் நீட்டிப்பே இரத்தாகிவிடும். ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்குபவர், 2024 ஜனவரி முதல், அதன்பின் ஈட்டி இந்நாட்டுக்குள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரிக்கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ஓய்வு விசா, திருமண விசா என்ற வேறுபாடு வரித்துறைக்குக் கிடையாது. தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் போன்றோருக்காக 2024 ஜூலையில் வந்த டி.டி.வி. விசா, பெருந்தொகை கட்டிப் பெறும் பிரிவிலெஜ் உறுப்பினர் அட்டை, உயர் வருமானக்காரர்களுக்கான பத்தாண்டு விசா ஆகியவை வேறு தேவைகளுக்கானவை.

ஐம்பது நிறையாதவர், வேலையோ தொழிலோ செய்பவர், நிரந்தர வசிப்புரிமையை நாடுபவர், 8 லட்சத்தை முடக்கினால் குடும்பச் செலவு தடுமாறும் நிலையில் இருப்பவர் ஆகியோருக்குத் திருமண வழியே சரி என்பது என் முடிவு. அதன் தாள்களும் அலைச்சலும் தாங்கக் கூடியவையே. ஐம்பது கடந்து, வேலையை விட்டு, ஊரிலிருந்து பணம் கொண்டுவர முடிந்தவர், மனைவி தாய்லாந்துக்காரராகவே இருந்தாலும், ஓய்வு வழிக்கு மாறிவிடுவது நல்லது. மனைவியின்மேல் நம்பிக்கை இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் விடுப்பு எடுத்து அலுவலக நாற்காலியில் காத்திருக்கும் சுமையையும், தனக்கு ஏதாவது ஆனால் கணவர் நாட்டிலேயே இருக்க முடியாது என்ற கவலையையும் மனைவியின் தோளிலிருந்து இறக்குவதாகத்தான் அதைப் பார்க்கிறேன்.

திருமண வழியிலேயே தொடர்பவர்களும் ஐம்பது கடந்தபின், இயன்றால், இரண்டாவது 4 லட்சத்தைத் தங்கள் பெயரிலேயே வேறொரு கணக்கில் ஒதுக்கிவைக்கத் தொடங்கலாம். மாற முடிவு செய்தால், நீட்டிப்பு முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி 30 நாளுக்குள் விண்ணப்பம் எடுப்பார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே முழுத் தொகையும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். வங்கியின் தாமதத்துக்கு ஒரு மாதம் சேர்த்தால், நான்கு மாதத்துக்கு முன்னதாகப் பணம் ஊரிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். வேலை அனுமதி இருந்தால் அதை முறைப்படி ஒப்படைத்த இரசீதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மட்டும், கோர்-ரோர் 2 நகலையும் வீட்டுப் படங்களையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே போங்கள். நான் அப்படித்தான் போனேன், ஒருவேளை வங்கிக் கடிதத்தில் ஏதாவது குறை சொல்லப்பட்டால் பழைய வழியிலேயே அன்றைக்கு விண்ணப்பிக்க மனைவியும் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தார்.